ரீபாவின் அட்டை

ரீபா கீர்த்தனை பாடிக்கொண்டேதான் வேலை செய்வாள். அதுதான் எனக்கு முதலில் பற்றிக்கொண்டு வந்தது. பதினோரு வருஷமாக நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு வெட்டுகிறேன். ஒன்றரை வருஷம் முன்னால் வந்தவளுக்குப் பாட்டு கேட்கிறது!

பாளையங்கோட்டையில் தேவசிகாமணி அண்ணாச்சியின் பட்டறையில் நாங்கள் செய்வது பந்தயப் படகுக்குப் பாய். படகு என்றால் ஒரு மீட்டர் நீளம்தான். வெளிநாட்டில் வளர்ந்த ஆட்கள் கரையில் நின்று ரிமோட்டில் ஓட்டுவார்களாம். பாயைக் கண்ணாடித்தாள் மாதிரி மெல்லிய பாலியஸ்டர் தாளில் செய்வோம். ஒரே துண்டாக வெட்டினால் தட்டையாகக் கிடக்கும். நாலு துண்டாக வெட்டி, விளிம்பைத் துளி வளைத்து, டேப்பால் ஒட்டினால்தான் பாய்க்கு வயிறு வரும். அந்த வளைவுக்கு, தாள்மேல் வைத்து வெட்ட, ஆளுக்கொரு அட்டை வைத்திருக்கிறோம். யார் அட்டையோ அவள் பெயர்தான் பாயின் மூலையில் போகும்.

போன மாதம் ஒரு கிளப்பிலிருந்து நாற்பது பாய் கேட்டார்கள்.

“ரெண்டு பேரும் ஒண்ணொண்ணு செய்ங்க. சனிக்கிழம வேய்ந்தான்குளத்துல விட்டுப் பாப்போம். எது முந்துதோ, நாப்பதும் அந்த அட்டையிலதான்” என்றார் அண்ணாச்சி.

நாற்பது மூலையிலும் அவள் பெயரா? எனக்குச் சோறு இறங்கவில்லை. ரீபா தாளில் கை வைக்கும் முன்னால், டீ வாங்கப் போன நேரம் பார்த்து, அவள் அட்டையின் வளைவை உப்புத்தாளால் ரெண்டு தேய் தேய்த்தேன். வயிறு குறைந்தால் பாய் காற்றைப் பிடிக்காது அல்லவா?

“சூடு ஆறுறதுக்குள்ள குடிங்கக்கா” என்று டீயை என் பக்கம் வைத்தாள். குடித்தேன்.

தாள் பறக்கும் என்று பட்டறையில் சன்னலைத் திறப்பதே இல்லை. ஆடி பிறந்தது எனக்கு உறைக்கவே இல்லை. குளத்தங்கரையில் சேலையைப் பிடிக்க இரண்டு கை போதவில்லை. அப்படிக் காற்று. என் படகு வயிறு முட்டக் காற்றைக் குடித்துவிட்டுத் தண்ணீரில் சாய்ந்து படுத்துக்கொண்டது. அவள் படகு நேராகப் போய் அக்கரையைத் தொட்டது.

“ஏ ரீபா, வயித்தக் குறைச்சிருக்கியே! காத்துக்குன்னு யோசிச்சா செஞ்ச? பாய் கேட்டவங்க ஊர்லயும் இதே பேய்க்காத்துதானாம்.”

“இல்ல அண்ணாச்சி, எப்பவும் போலதான் வெட்டுனேன். கர்த்தரோட கிருபை.”

கிருபையாம்! தேய்த்தது நானடி, என் கை என்று கத்தத் தோன்றியது. எப்படிக் கத்துவது? “நல்லாருக்குட்டி” என்றேன். பாவி, என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

திங்கட்கிழமை அண்ணாச்சி அந்த அட்டையை என் மேசையில் வைத்தார். “பாதி நீ வெட்டு யூனிஸ். வளைவு ஒரு நூல்கூட வெலகிரக் கூடாது, பாத்துக்கோ.”

அடுத்த மேசையில் பாட்டு ஆரம்பித்தது. விளிம்பைத் தடவினேன். நான் தேய்த்த இடத்தில் இன்னும் தூள் இருந்தது, பெருவிரலில் ஒட்டியது. மூச்சைப் பிடித்துக்கொண்டு, அந்தக் கோட்டிலேயே பிளேடை இழுத்தேன். நாலு துண்டையும் ஒட்டி முடித்து, பேனாவை எடுத்து மூலையில் எழுதினேன்: ரீபா.