எண்ணெய் தேய்த்த சனிக்கிழமை

சத்தியபாமா நீட்டிய மோர்ச் செம்பை சுடலைமணி அன்றும் வாங்கவில்லை. காக்கிச் சட்டையின் பொத்தானைப் போட்டுக்கொண்டே, "டீ குடிச்சிக்கிடுதேன்" என்று வாசலைப் பார்த்துச் சொல்லிவிட்டு சைக்கிளைத் தள்ளிக்கொண்டு இறங்கிவிட்டான். காலை ஐந்தரை மணிதான். அதற்குள் தெருவில் காற்று அடுப்படிக் காற்றைப் போல முகத்தில் அடித்தது. தொண்ணூற்றொன்பதாம் வருஷத்துச் சித்திரை. கோவில்பட்டியில் குழாய்த் தண்ணீர் பத்து நாளைக்கு ஒருமுறைதான் வந்துகொண்டிருந்தது.

அவன் தனியார் பஸ் டிரைவர். கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம், எப்போதும்வென்றான் வழியாகத் தூத்துக்குடிக்கு ஒரு நாளைக்கு மூன்று நடை. பழைய வண்டி. இஞ்சின் டிரைவரின் இடது தொடையை ஒட்டியே இருக்கும். ஈரச் சாக்கைப் போட்டு மூடினால் கால் மணி நேரத்தில் சாக்கு காய்ந்து மொறுமொறுத்துவிடும். கீழே இஞ்சின் சூடு, மேலே தகரக் கூரைச் சூடு, முன்னால் கண்ணாடி வழியாகக் கரிசல் காட்டின் வெக்கை. பருத்தி எடுத்து முடிந்த நிலம் கை நுழைகிற அளவுக்கு வாய் பிளந்து கிடக்கும். இருபது வருஷமாக அந்த வேக்காட்டில் உட்கார்ந்தவன் உடம்பைத் தேய்மானம் இல்லாமல் காப்பாற்றிக் கொடுத்தவள் சத்தியபாமாதான். வெந்தயத்தை ராத்திரியே மோரில் ஊறப்போட்டு விடிந்ததும் கொடுப்பாள். மத்தியானத்துக்குக் கம்மங்கூழும் உள்ளியும் தூக்குவாளியில் போகும். உறங்கப்போகும்முன் உள்ளங்காலில் விளக்கெண்ணெய் தடவுவாள். சனிக்கிழமை தவறாமல் எண்ணெய்க் குளியல்.

இதெல்லாம் அவள் பிறந்த வீட்டுப் பழக்கம். அவளுடைய அய்யா நல்லக்கண்ணு எப்போதும்வென்றான் பக்கம் ஆடு மேய்த்தவர். வெயில்தான் அவருக்குத் தொழில் கூட்டாளி. தலைப்பாகைக்குள் ஆமணக்கு இலையை வைத்துக் கட்டிக்கொண்டுதான் ஆட்டுக்கிடையைக் கிளப்புவார். கல்யாணமான முதல் கோடையில் மாப்பிள்ளையாகப் போய் அந்த வீட்டில் பத்து நாள் தங்கியது சுடலைமணிக்கு இன்றைக்கும் மறக்கவில்லை. விடியுமுன்னே பனங்காட்டுக்குப் போய்ப் பதநீரோடு வருவார் மாமா. பனையோலைப் பட்டையைப் பிடித்து அவர் ஊற்ற ஊற்றக் குடித்து, "போதும் மாமா" என்றால், "வயிறு சொல்லட்டும், நீங்க சொல்லாதீய" என்பார். மத்தியானம் வேம்படியில் கட்டிலைப் போட்டு, வெட்டிவேர்த் தட்டியில் தண்ணீரை விசிறிவிட்டுத் தூரப் போய் உட்கார்ந்துகொள்வார். மாப்பிள்ளை உறங்கும்போது ஆட்டுக்குட்டி கத்தினால்கூட அதன் வாயைப் பொத்துவார். தாய் தகப்பன் இல்லாமல் சித்தப்பா வீட்டில் சோறு தின்று வளர்ந்தவன் சுடலைமணி. தான் உறங்குவதற்காக ஒரு மனுஷன் விழித்திருப்பதை அங்கேதான் முதன்முதலில் பார்த்தான். அந்த வெட்டிவேர் வாசம் அதற்கப்புறம் எந்தக் கோடையிலும் அதேபோலக் கிடைக்கவில்லை.

அந்த மனுஷனைத்தான் போன சித்திரையில் அவன் ரோட்டில் விட்டுவிட்டு வந்தான்.

அன்றைக்கு வண்டி ஆறு நிமிஷம் தாமதம். பின்னால் வேறொரு கம்பெனி வண்டி ஆரன் அடித்துக்கொண்டே நெருக்கியது. எப்போதும்வென்றான் நிறுத்தத்தில் ஆளை ஏற்றிக் கிளப்பியபிறகு பக்கக் கண்ணாடியில் பார்த்தான். ஒரு கையில் பதநீர் கேன், மறு கையால் துண்டை ஆட்டிக்கொண்டு மாமா ஓடி வந்தார். மகளுக்குக் கொடுக்கக் கிளம்பி வந்திருக்கிறார். பிரேக்கின் மேல் கால் போனது. பின்னால் மறுபடியும் ஆரன். அடுத்த வண்டியில் வரட்டும் என்று கியரை மாற்றிவிட்டான். அடுத்த வண்டியில் கூட்டம், நிற்கவேயில்லை. அதற்கடுத்தது அன்று வரவில்லை. மூன்று மணி நேரம் மொட்டை வெயிலில் நின்றுவிட்டு, மூன்று மைல் நடந்தே ஊருக்குத் திரும்பியிருக்கிறார். சாயங்காலம் காய்ச்சல் கொதித்தது. மூன்றாம் நாள் போய்ச் சேர்ந்தார். வெயில் தாக்கிவிட்டது என்றார்கள் ஆஸ்பத்திரியில்.

பஸ்ஸைத் தவறவிட்டுவிட்டார் என்றுதான் வந்தவர்கள் பேசிக்கொண்டார்கள். எந்த பஸ் என்று யாரும் கேட்கவில்லை. சுடலைமணியும் சொல்லவில்லை. அதற்கப்புறம் அவனுக்கு மோர் இறங்கவில்லை. குளிர்ச்சி என்று எது நாக்கில் பட்டாலும் கண்ணாடியில் ஆடிய துண்டு முன்னால் வந்து நின்றது. எண்ணெய்க் குளியலை விட்டான். வெயிலோடு வெயிலாக டீயைக் குடித்தான். வீட்டில் ரெண்டு வார்த்தைக்கு மேல் பேசுவதில்லை. அவள் ஒன்றும் கேட்கவுமில்லை, மோர் கலக்குவதை நிறுத்தவுமில்லை.

உடம்பு எத்தனை நாள் தாங்கும்? பங்குனியிலேயே நீர்க்கடுப்பு வந்தது. அப்புறம் கண். மிளகாய் அரைத்த கையால் தேய்த்ததுபோல ஓயாத எரிச்சல். மோரை வாங்காமல் கிளம்பிய அந்த வெள்ளிக்கிழமை குறுக்குச்சாலை தாண்டி வரும்போது கண்ணில் நீர் முட்டி, ரோடு ரெண்டாகத் தெரிந்தது. கலங்கலாக எதிரே கிடந்தது கானல் என்றுதான் நினைத்தான். கண்டக்டர் விஜயராஜ் பின்னாலிருந்து கத்தினான். வண்டி நின்ற இடத்துக்கும் செம்மறிக் கூட்டத்துக்கும் ஒரு முழம்கூட இல்லை. ஆடு மேய்த்த பெண் கையில் கம்போடு அசையாமல் நின்றாள்.

"அண்ணாச்சி, ஒரு பஸ்ஸு ஆளு உங்க கையில இருக்கு" என்றான் விஜயராஜ். "மொதலாளிட்ட நானே சொல்லிருதேன். கண்ணு சரியானப் பெறவு வாங்க."

கண் டாக்டர் சொட்டு மருந்து கொடுத்து, ஒரு வாரம் வெயிலில் போகக்கூடாது என்றார். மறுநாள் காலையில் சத்தியபாமா எதையும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. நல்லெண்ணெயில் சீரகமும் நாலு மிளகும் போட்டுக் காய்ச்சி, கை பொறுக்கும் சூட்டில் இறக்கிக்கொண்டு கொல்லைப்புறத்துக்கு வந்தாள். வேலியோர முருங்கை நிழலில் முக்காலியைப் போட்டாள்.

"இங்கன உக்காருங்க."

"வேண்டாம் பாமா."

"உக்காருங்கன்னா."

உட்கார்ந்தான். உச்சியில் முதல் கை எண்ணெயை வைத்து அரக்கித் தேய்த்தாள். ஒரு வருஷமாக அந்தக் கை அவன்மேல் பட்டதில்லை. உச்சியிலிருந்து பிடரிக்கு, காது மடலுக்கு, புருவத்துக்கு என்று அவள் விரல்கள் வழி மறக்காமல் போயின. இந்தக் கையை ஏமாற்றிக்கொண்டு இனி ஒரு நிமிஷமும் உட்கார முடியாது என்று பட்டது.

"பாமா, போன வருஷம் மாமா ஓடி வந்தது என் வண்டிக்குத்தான்."

"தெரியும்" என்றாள். கை நிற்கவில்லை. "அய்யாவே சொன்னாவ. நெனவு தப்புததுக்கு முந்தி. 'மாப்ள வண்டிதான்ட்டீ. அவிய பாத்திருக்க மாட்டாவ. பாத்தா நிப்பாட்டாமப் போவாவளா? நீ எதுவும் கேட்டுராத, மனசு ஒடஞ்சிருவாவ'ன்னாவ. அதான் நானும் கேக்கல."

முருங்கையிலிருந்து பழுத்த இலைகள் ரெண்டு மூன்று அவன் மடியில் விழுந்தன. இதோடு விட்டுவிடலாம். அந்த மனுஷனே போகும்போது அவனுக்குக் கொடுத்துவிட்டுப் போன நிழல் அது. அதில் ஒதுங்கிக்கொண்டால் யார் கேட்கப்போகிறார்கள்?

"பாத்தேன் பாமா" என்றான். "கண்ணாடியில பாத்தேன். துண்ட ஆட்டுனாவ. அது தெரிஞ்சிதான் போனேன்."

கை நின்றது. எண்ணெய் காதோரம் வழிந்து கழுத்துக்கு இறங்கியது. அவள் வீட்டுக்குள் போகும் சத்தம் கேட்டது. சுடலைமணி எழுந்திருக்கவில்லை. நிழல் நகர்ந்து அவன் முழங்காலில் வெயில் ஏறியது, அப்புறம் தொடையில். உள்ளே பாத்திரம் உருட்டுகிற சத்தம்கூட இல்லை. அழுகிறாளா என்று காதைத் தீட்டிக் கேட்டான். அதுவும் கேட்கவில்லை.

எவ்வளவு நேரம் கழித்தோ வெந்நீர் அண்டாவோடு வந்தாள்.

"கண்ண மூடுங்க. சீயக்கா விழுந்துரும்."

முதல் செம்புத் தண்ணீர் விளாவாமல் கொதிக்கக் கொதிக்க முதுகில் விழுந்தது. தோல் உரிந்துவிடும்போல இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டான். ரெண்டாவது செம்பும் அப்படியே. மூன்றாவதற்கு முன்னால் அண்டாவில் பச்சைத் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. அதற்கப்புறம் இதமான சூட்டில் ஊற்றினாள்.

சோறும் மிளகு ரசமும் வைத்தாள். தின்றுவிட்டுப் பாயில் சாய்ந்ததும் கண்ணை இழுத்தது. ஒரு வருஷத்து உறக்கம். இமை ஒட்டுகிற நேரத்தில் கதவில் விரல் கணுவால் தட்டும் சத்தம்.

"உறங்காதீய. எண்ணெ தேச்ச அன்னைக்குப் பகல்ல உறங்குனா சூடு பூராத் திரும்பக் கண்ணுக்கு ஏறிரும்."

வாசல்படியில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவன் எழுந்து சுவரில் சாய்ந்தான். அவள் தெருவைப் பார்த்தபடியே பேச ஆரம்பித்தாள். குரல் கரகரத்திருந்தது.

"எனக்கு ஆறு வயசு இருக்கும். அய்யா கெடையோட கடம்பூருக்குப் போனாவ. நானும் அழுது பெரண்டு கூடப் போனேன். வழியில காலு கொப்புளிச்சிப் பொத்துப்போச்சு. தோள்ல தூக்கி வச்சிக்கிட்டாவ. கடம்பூர்ல ஒரு போளி வாங்கித் தந்தாவ. நான் ஒரு கடிதான் கடிச்சேன். தோள்ல இருக்குத என் கையிலருந்து ஒரு கெடா எக்கிப் பறிச்சிட்டுப் போயிட்டு..."

சிரிப்பு வந்தது அவனுக்கு. சிரிக்கலாமா என்று தெரியவில்லை. அவள் அவனுக்குச் சொல்கிறாளா, தெருவுக்குச் சொல்கிறாளா என்றும் தெரியவில்லை. கதை கடம்பூரிலிருந்து கிளம்பி, எங்கோ ஒரு கண்மாய்க் கரையில் ராத்தங்கி, கெடா குட்டி போட்டது என்று அய்யா யாரையோ ஏமாற்றியதுவரை போனது. நடுநடுவே அவன் தலை தொங்கும். அவள் திரும்பாமலே கண்டுபிடித்துக் கதவைத் தட்டுவாள்.

"உறங்காதீய. இன்னும் முடியல."

வெளியே ஆளில்லாத தெருவில் வெயில் வெள்ளையாகக் காய்ந்தது. தட்டிவிட்டுக் கதவிலேயே வைத்திருந்த அவள் விரல்கள் எண்ணெய்ப் பிசுக்கோடு மினுங்கின.