ஆறு போன்களும் ஓர் ஓமும்

என்டரைத் தட்டிவிட்டுக் கையை எடுத்தேன். மேசையில் வரிசையாகக் கிடந்த ஆறு போன்களும் ஒன்றன்பின் ஒன்றாக முழித்துக்கொண்டன. யாரும் தொடவில்லை. எங்கள் 'வாய்க்கால்' செயலி ஆறிலும் தானாகத் திறந்தது, தானாக மொழியைத் தேர்ந்தெடுத்தது, தானாக அடுத்த பக்கத்துக்குப் போனது. இருபது தடவைக்கு மேல் பார்த்துவிட்டேன். இன்னும் அலுக்கவில்லை. நான் எழுதிய கட்டளைகளைக் கணினியில் இருக்கும் சோதனைக் கருவி வாசிக்கிறது, போன்கள் சொன்னபடி கேட்கின்றன. வீட்டில் என் சொல்லை இப்படி ஒருவரும் கேட்டதில்லை.

நேரம் பத்து ஐம்பத்தேழு. பதினொன்றுக்குக் கொழும்பிலிருந்து மேடம் வீடியோவில் வருவார். வட்டக்கச்சிக் கமக்காரருக்கு வாய்க்கால் தண்ணீர் வரும் நேரத்தைச் சொல்லும் செயலி இது. செய்யச் சொன்னது அவருடைய கம்பனி. ஆறிலும் பிசகாமல் ஓடிக் காட்டினால், அடுத்த இரண்டு வருட வேலை கிளிநொச்சியிலேயே, கண்டி வீதியில் இந்த மாடி அறையிலேயே எங்களுக்கு. இல்லையென்றால் அவர்களே கொழும்பில் செய்துகொள்வார்கள். நானும் வேலை தேடிப் பெட்டியைக் கட்டிக்கொண்டு அங்கே வெள்ளவத்தையில் அறை பார்க்கவேண்டும். எனக்குப் போக விருப்பமில்லை. இந்த மேசையில், இந்த ஆறு போன்களோடு இருக்கத்தான் விருப்பம்.

அப்போதுதான் ஆறும் நின்றன. 'உங்கள் வயலுக்குத் தண்ணீர் வந்ததா?' என்ற கேள்விப் பக்கத்தில், எல்லாம் ஒரே இடத்தில். கணினியில் சிவப்பு எழுத்தில் ஒரு வரி: 'ஆம்' என்ற பட்டனைக் காணவில்லை.

போனைப் பார்த்தேன். பட்டன் இருந்தது. அதில் 'ஓம்' என்று எழுதியிருந்தது.

"ஆர் இதை மாத்தினது?"

செயலியின் சொற்களைக் கவனிக்கும் பிரேமிளா கதிரையைத் திருப்பினாள். "நான்தான். நேற்றுப் பின்னேரம் வட்டக்கச்சியில கமம் செய்யிற ஏரம்பு ஐயாட்டக் குடுத்துப் பாத்தனான். 'உதென்ன பிள்ளை ஆம்? செய்தி வாசிக்கிறவையோ இதுக்குள்ள இருக்கினம்?' எண்டு கேட்டார். எனக்கு வெக்கமாப் போச்சு. வந்து மாத்தி ஆறிலயும் ஏத்திப்போட்டன்."

"எனக்குச் சொல்லியிருக்கலாமே!"

"ஒரு சொல்லுத்தானே எண்டு விட்டுட்டன்."

கோபம் வந்தது, சிரிப்பும் வந்தது. எங்கள் வீட்டில் அப்பா 'ஆமா' என்பார், மலைநாட்டிலிருந்து வரும்போது கூடவே வந்த சொல். பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் 'ஓம்'. பரீட்சைத் தாளில் 'ஆம்'. மூன்றையும் இடம் பார்த்து மாற்றிப் பேசியே வளர்ந்தவள் நான். கருவிக்கு அந்தச் சமர்த்து இல்லை. சொன்ன சொல்லைத்தான் தேடும்; ஓர் எழுத்துப் பிசகினாலும் நின்றுவிடும்.

எங்கள் முதலாளி கிருபன் அண்ணா நெற்றியைப் பிடித்துக்கொண்டார். "செயலியைத் திருப்பி மாத்து, சுமி. கொழும்பில அவை தந்த டொக்கியுமென்ற்றில ஆம் எண்டுதான் கிடக்கு."

"ஆறிலயும் திரும்ப ஏத்த அரை மணித்தியாலம் வேணும் அண்ணா. என்ர கட்டளையில ஒரு எழுத்தை மாத்தினாக் காணும்."

"மேடம் கேட்டா?"

"நான் மறுமொழி சொல்லுறன்."

சொன்ன பிறகுதான் பயம் வந்தது. ஆவன்னாவை அழித்து ஓவன்னாவைப் போடவும் மேடத்தின் அழைப்பு வரவும் சரியாக இருந்தது. ஒருமுறை ஓட்டிப் பார்க்கக்கூட நேரமில்லை.

மேடம் ஆங்கிலத்தில் வணக்கம் சொன்னார், ஆங்கிலத்திலேயே தொடங்கச் சொன்னார். தட்டினேன். முதல் மூன்று போன்களும் மளமளவென்று கேள்வியைத் தாண்டின. நாலாவது, ஐந்தாவது. ஆறாவது, திரை வெடித்த பழைய போன், கேள்விப் பக்கத்தில் நின்று யோசித்தது. பிரேமிளா என் தோளைக் கிள்ளினாள். வலித்தது, அசையவில்லை. பிறகு 'ஓம்' தானாக அமுங்கியது. கணினியில் ஆறு வரிகளும் பச்சை. கத்தவேண்டும்போல இருந்தது, பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தேன்.

மேடம் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். தாங்கள் தந்த பத்திரத்தில் 'ஆம்' அல்லவா, இதை யார் மாற்றச் சொன்னது என்று கேட்டார். இதைப் பாவிக்கப்போகும் கமக்காரர்கள் என்றேன். என் ஆங்கிலம் அதற்குமேல் போகவில்லை.

அவர் எழுந்து போனார். திரையில் வெறும் கதிரைதான் தெரிந்தது. கிருபன் அண்ணா என்னைப் பார்க்கவில்லை. தேவையில்லாத வேலை பார்த்துவிட்டேனோ?

திரும்பி வந்தபோது அவருடன் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் கையில் தேத்தண்ணிக் கோப்பை.

"இன்னொருக்கா ஓட விடுங்கோ பிள்ளை," என்றார் மேடம், தமிழில். "இவையும் அந்த 'ஓமை'ப் பாக்கட்டும்."

மூவரும் கமராவுக்குக் கிட்டக் கிட்டக் குனிந்தார்கள். கடைசியில் மூன்று நெற்றிகள் மட்டும் தெரிந்தன. தட்டினேன். முதல் போன் முழித்தது.