ரிதம் பேட்: மாயவன்

"அக்கா, மாயவன் அண்ணன் எப்பங்க வருவாரு?"

பிளசி கேட்டதும் மேடையில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். கீபோர்டுக்காரர் சிரித்த சிரிப்பில் ஸ்டாண்டே ஆடியது. ரிதம் பேட் முன்னால் உட்கார்ந்திருந்த பெண் மட்டும் சிரிக்கவில்லை. நாற்பதை நெருங்கும் வயது, தாலிக்கொடியில் நாலைந்து ஊக்கு, கையில் இரண்டு குச்சி. பஸ்ஸில் துண்டு போடுவதைப் போல யாருக்கோ இடம் பிடித்து வைத்திருக்கிறாள் என்றுதான் பிளசி நினைத்திருந்தாள்.

"நாந்தான் மாயவன். என்னா வேணும், சொல்லு பாப்பா."

அதியமான்கோட்டைக் கல்யாண மண்டபத்தில் அப்போது பகல் பதினோரு மணி. சாயங்கால ரிசப்ஷனுக்கு சவுண்ட் செக் நடந்துகொண்டிருந்தது. பிளசி வந்தது பாடகி ஜாஸ்மினைப் பேட்டி எடுக்க; நோட்டீஸில் 'ரிதம் பேட்: மாயவன்' என்று பார்த்ததால் அவரிடமும் இரண்டு கேள்வி கேட்க நினைத்திருந்தாள். பென்னாகரம் பக்கம் ராகி விதைக்கிற குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவள். இப்போது சமூகவியலில் முனைவர் பட்ட ஆய்வு; மேடைக் கச்சேரிக் குழுக்களில் பெண்களின் தொழில்வாழ்க்கை பற்றி. பத்து வருஷத்துக் கச்சேரி நோட்டீஸ்கள் இருநூற்றுப் பன்னிரண்டைத் தேடிப் பிடித்து, பெயர் பெயராக எண்ணியிருந்தாள். ஆண்களுக்குப் பெயர் உண்டு, வாத்தியம் உண்டு, சிலருக்குப் பட்டமும் உண்டு. பெண் என்றால் வெறும் 'லேடி வாய்ஸ்'. வாத்தியம் வாசிக்கும் பெண்கள் பூஜ்யம். "பூஜ்யமும் ஒரு ரிசல்ட்தாம்மா, எழுதிட்டு திங்கக்கெழம கொண்டா" என்று கைடு சொல்லிவிட்டார். எழுதியும் விட்டாள்: 'இம்மாவட்டக் குழுக்களில் பெண்கள் வாத்தியம் வாசிப்பதில்லை.'

பச்சைப் பொய். அதற்குச் சாட்சி எதிரில் உட்கார்ந்து குச்சியால் முதுகு சொறிந்துகொண்டிருந்தது.

பொம்பளைன்னா பாடத்தான் செய்வாளா என்று ஊரையே திட்டித் திரிந்தவள், வாசிக்கிறவளிடமே போய் ஆம்பளை எங்கே என்று கேட்டிருக்கிறாள். தன்னைத்தானே நாலு அறை விடலாம் போலிருந்தது. அதையும் மீறி, பாழாய்ப்போன சந்தோஷம் நெஞ்சுக்குள் குதித்தது. பேனா மூடியைத் திறந்தாள்.

"அக்கா, உங்க நெசப் பேரு?"

"காவேரி. மாயவன் எங்க வூட்டுக்காரரு. ஆறு வருசத்துக்கு முன்னாடி வண்டில வுழுந்து கை ஒடைஞ்சிபோச்சி. அவரு வூட்ல பழகறத பாத்துப்பாத்தே எனக்குக் கை வந்திருந்திச்சி. ஒருநா மட்டும்னு உக்காந்தேன். இப்ப அவரு நம்ம குரூப்பு வேன் ஓட்றாரு. நோட்டீஸ்ல மட்டும் இன்னும் வாசிக்கிறாரு."

கீழே ஒயர் சரிபார்த்துக்கொண்டிருந்த குழு ஓனர் வெங்கடாசலம் தலையைத் தூக்கினார். "லேடி ரிதம்னு போட்டா புக் பண்ற பார்ட்டிங்க யோசிப்பாங்க பாப்பா. பொம்பள ரிதம்லாம் அடிக்குமா, கை வலிக்காதான்னு கேப்பாங்க. தொழில்னு ஒண்ணு இருக்குதில்ல?"

"ஆறு வருசமா வலிக்காத கை, பேரு போட்டா வலிக்குமாங்க?" என்றாள் பிளசி.

ஜாஸ்மின் மைக்கிலேயே சிரித்துவிட்டாள். மண்டபம் முழுக்கக் கேட்டது.

காவேரி குச்சிகளைத் திருப்பிப் பிடித்து ஒரு குத்து ரிதம் அடித்தாள். பந்தியறையில் இலை நறுக்கிக்கொண்டிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பிளசியின் நாற்காலிக் கால் அதிர்ந்து, அந்த அதிர்வு முதுகு வழியே ஏறியது. இருநூற்றுப் பன்னிரண்டு நோட்டீஸும் பொய் சொல்லியிருக்கலாம், எத்தனை மாயவன்களுக்குப் பின்னால் எத்தனை பேர் இருக்கிறார்களோ, முதலிலிருந்து எண்ண வேண்டும். திங்கட்கிழமையாவது மண்ணாவது! கைடு கத்தட்டும்.

பையிலிருந்து சம்மதப் படிவத்தை எடுத்து நீட்டினாள். காவேரி எழுத்துக் கூட்டி நிதானமாகப் படித்தாள். மூன்றாவது வரியில் அவள் விரல் நின்றது.

"'தங்கள் பெயர் மாற்றப்படும்'னு போட்டிருக்குது?"

"அது... உங்க பாதுகாப்புக்குங்கக்கா. எல்லா ஆராய்ச்சிலயும் அப்பிடித்தான்."

"அப்ப நீயும் வேற பேருதான் போடுவியா?"

கேட்டுவிட்டு காவேரி சாதாரணமாகத்தான் பார்த்தாள். பிளசிக்குக் காது சுட்டது. ஓனர் சொன்னது தொழில், தான் சொன்னது பாதுகாப்பு; வார்த்தைதான் வேறு. வெங்கடாசலத்தின் முகத்தைப் பார்க்கப் பிடிக்கவில்லை. படிவத்தை வாங்கி, மூன்றாவது வரியைத் தாள் கிழிகிற அளவுக்குக் கோடு போட்டு அடித்து, திருப்பி நீட்டினாள்.

"உங்க பேரு போட்டா ஓனருக்குப் பிடிக்காது, பார்ட்டிங்களுக்கும் தெரிஞ்சிடும். வர்ற சான்ஸும் போவலாம். யோசிச்சி சொல்லுங்கக்கா. நீங்க சொல்றதுதான்."

காவேரி பேனாவை வாங்கினாள். கையெழுத்துப் போடும் இடத்துக்கு மேல் கொஞ்ச நேரம் வைத்திருந்தாள். பிறகு கையெழுத்துப் போடாமலே பேனாவைப் படிவத்தின் மேல் வைத்துவிட்டுக் குச்சிகளை எடுத்துக்கொண்டாள்.

"ஆரம்பிக்கலாம்ப்பா!" வெங்கடாசலம் கை தட்டினார். "மாயவன், ரிதம் குடு."

காவேரி இரண்டு குச்சிகளையும் தோளுக்கு மேல் தூக்கினாள்.

"மாயவன்! ரிதம்!"

குச்சிகள் இறங்கவில்லை. கீபோர்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். ஜாஸ்மின் மைக்கை வாயிலிருந்து விலக்கினாள். காவேரி, தன் பேருக்காகக் காத்திருப்பவளைப் போல, ஓனரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெரிய ஸ்பீக்கர்கள் இரண்டும் 'ம்ம்ம்' என்று இரைந்துகொண்டிருக்க, குச்சிகள் அந்தரத்திலேயே நின்றன.