அத்தான் தகடு மிச்சம் பிடித்த கதை

1.

என் தபால் பெட்டிக்குக் கதவு இல்லாமல் போனதுதான் இந்தக் கதையின் பிறப்பு. பெரிய எழுத்தாளர்களுக்குப் போர், பிரிவு, மரணம் என்று ஏதாவது வாய்க்கிறது. எனக்கு வாய்த்தது துருப்பிடித்துக் கழன்று விழுந்த ஒரு தகரக் கதவு. ஸ்டீலில் புதிதாக ஒன்று வெட்டித் தரச் சொல்லி ஒரு தகட்டுப் பட்டறைக்குப் போனேன்.

"இத்துனூண்டு வேலைக்குன்னு தனியா தகடு போட முடியாது சார். பெரிய வேலை ஏதாவது வந்தா நடுவுல செருகிடுறேன்" என்றாள் கணினி முன்னால் உட்கார்ந்திருந்த பெண்.

செருகும்வரை வாசல் பெஞ்சில் உட்கார்ந்தேன். மறுநாளும் போய் உட்கார்ந்தேன். உனக்கு வேறு வேலையே இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். என் மனைவி கேட்டுவிட்டாள்.

2.

எழுதிக் கைவிட்ட முதல் வரிகளை அப்படியே விடுகிறேன். பட்டறை என்றால் துண்டும் துணுக்கும் கிடக்கத்தானே செய்யும்.

'நீலத் தீப்பொறிகள் இருளைக் கிழித்துக்கொண்டு...' (அங்கே பட்டப்பகலிலும் குழல்விளக்கு எரிகிறது. கிழிப்பதற்கு இருள் இல்லை. லேசர் மெஷினும் பெட்டிக்குள் அடங்கி ஒடுங்கித்தான் வேலை செய்கிறது.)

'இரும்பாகிப்போன அவள் இதயம்...' (வேண்டாம். நமக்குள் ஒரு மரியாதை இருக்கட்டும்.)

நேராகவே சொல்லிவிடுகிறேன். கணினி முன்னால் இருந்தவள் தங்கை. பட்டறை அவளுடைய அக்கா கணவருடையது. கல்யாணம் முறிந்து, கையில் ஒரு பெட்டியோடு அக்கா வீட்டுக்கு வந்தவளை, "சும்மா உக்காந்திருந்தா மனசு கெட்டுப்போகும், பட்டறைக்கு வாம்மா" என்று அத்தான் கூப்பிட்டார். தங்கமான மனசு. சம்பளம் பேச மட்டும் மறந்துவிட்டார். வீட்டில் அவளுக்கு ஒதுக்கிய அறையில் ஏற்கெனவே வாஷிங் மெஷின், இஸ்திரி மேசை, பழைய மெத்தைகள் எல்லாம் குடியிருந்தன. அவை விட்ட இடத்தில் அவள் கட்டில்.

(இங்கே ஓர் உவமை சொல்ல எனக்குக் கை அரிக்கிறது. அவள் வேலை என்ன என்று தெரிந்ததும் உங்களுக்கும் அரிக்கும். இருவருமே சொறியாமல் கடந்துவிடுவோம்.)

3.

ஒரு முழுத் தகட்டில் எந்தப் பாகத்தை எங்கே வைத்து வெட்டினால் கழிவு குறையும்? அதைக் கணக்குப் போட ஒரு மென்பொருள் இருக்கிறது. பாகங்களின் வரைபடத்தைக் கொடுத்தால் போதும். திருப்பும், கவிழ்க்கும், பெரிய பாகத்தின் ஓட்டைக்குள் சின்னதைத் திணிக்கும். 'உள்ள போங்க, உள்ள போங்க' என்று கத்தாத கண்டக்டர் அது. கடைசியில், தகட்டில் எத்தனை சதவீதம் பயன்பட்டது என்று திரையின் மூலையில் காட்டும்.

அத்தானுக்கு அந்த மூலைதான் உலகம். கட்டிய மனைவியின் முகத்தைவிட அதைத்தான் அதிக நேரம் பார்த்திருப்பார். எண்பது என்றால் துக்க வீட்டுக்கு வந்தவர் மாதிரி நிற்பார். தொண்ணூறைத் தாண்டினால் எல்லோருக்கும் டீ. பட்டறையில் அவருக்கு வைத்திருந்த பெயர் 'சதவீதம்'. "டேய், சதவீதம் வருது" என்று யாராவது முணுமுணுத்தால் அத்தனை பேரும் திடீர் உழைப்பாளிகள் ஆகிவிடுவார்கள்.*

* என் கதைகளுக்கு இப்படி ஒரு மென்பொருள் வாங்கலாமா என்று யோசித்தேன். இந்த அடிக்குறிப்பைத்தான் முதலில் வெட்டும் என்று தெரிந்ததும் விட்டுவிட்டேன்.

4.

ஒரு புதுக் கட்டடத்தின் லிஃப்டுக்கு உள்சுவர்த் தகடுகள் வெட்டும் வேலை வந்தது. அந்த ஸ்டீலின் மேல் நூலிழை போல மெல்லிய கோடுகள் ஒரே திசையில் ஓடும். லிஃப்டில் எல்லாத் தகடுகளிலும் கோடு மேலிருந்து கீழாக இருக்க வேண்டும். ஒன்றைக் குறுக்காகத் திருப்பி வெட்டிவிட்டால் போச்சு, வெளிச்சத்தில் அது மட்டும் வேறு நிறமாக நிற்கும்.

தங்கைக்கு இது தெரியும். எந்தப் பாகத்தையும் திருப்பக் கூடாது என்று மென்பொருளில் பூட்டிவிட்டுத்தான் சாப்பிடப் போனாள். மூலையில் எண்பத்தொன்று.

அத்தான் வந்தார், பார்த்தார், துக்கம் தாளாமல் நாற்காலியில் உட்கார்ந்தார். பூட்டைத் திறந்துவிட்டார். இரண்டு தகடுகள் குறுக்கே திரும்பிப் படுத்தன. தொண்ணூற்றொன்று! கிடைத்த சந்தில் என் தபால் பெட்டிக் கதவும் கச்சிதமாகப் போய் உட்கார்ந்தது. (என்னை முறைக்காதீர்கள். நான் கேட்டது ஒரு கதவு.) அப்படியே மெஷினுக்கும் அனுப்பிவிட்டார்.

பக்கத்து மேசையில் போன் வேலை பார்க்கும் அக்கா நிமிர்ந்தாள். "என்னங்க, அவ ஏதோ யோசிச்சுத்தானே வச்சிருப்பா?"

"நீ உன் வேலையப் பாரு."

அக்கா தன் வேலையைப் பார்த்தாள்.

இது எதுவும் நான் கண்ணால் பார்த்ததில்லை. அந்த நேரத்தில் நானும் சாப்பிடப் போயிருந்தேன். அக்கா சொல்லித்தான் எல்லோருக்கும் தெரிந்தது. எப்போது சொன்னாள் என்பதுதான் கதை.

5.

தகட்டின் மேல் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை லிஃப்டில் மாட்டிய பிறகுதான் உரித்தார்கள். லிஃப்ட்காரர் தகடுகளை வண்டியில் திருப்பிக் கொண்டுவந்து, பட்டறை வாசலில் வெயிலில் வரிசையாகச் சாத்தினார்.

"ஒண்ணு வெள்ளை, ஒண்ணு கறுப்பு. லிஃப்டுல என்ன சார், செஸ் விளையாடவா?"

அத்தான் தகட்டைப் பார்த்தார், வந்தவரைப் பார்த்தார், பிறகு உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தார். "இங்க வாம்மா! கோடு பாத்து வைக்கணும்னு எத்தனை தடவ சொல்லியிருக்கேன்?"

"அத்தான், நான் பூட்டிட்டுத்தான் சாப்பிட..."

"பூட்டினா எப்படித் திரும்பும்? தகடு தானா எந்திரிச்சுப் புரண்டு படுத்துக்கிச்சா?"

வேலை செய்துகொண்டிருந்தவர்களில் இரண்டு பேர் சிரித்தார்கள். அது போதாதென்று அத்தான் லிஃப்ட்காரர் பக்கம் சாய்ந்து, ஊருக்கே கேட்கிற மாதிரி ரகசியம் சொன்னார். "வீட்டுப் பொண்ணு சார். வாழ்க்கையில கொஞ்சம் அடிபட்டுடுச்சு, கவனம் நிக்கல. நான் பாத்துக்கறேன்."

தங்கை அக்காவைப் பார்த்தாள். அக்கா போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டாள். அது அடிக்கவே இல்லை.

6.

இதற்கு மேல் கதையை எப்படி நடத்துவது? மூன்று வழிகள் யோசித்தேன்.

தங்கை நெருப்பாகப் பொங்கி ஒரு பக்கத்துக்கு வசனம் பேசுகிறாள். நன்றாகத்தான் எழுதியிருந்தேன். அவளிடமே படித்துக் காட்டினேன். "யார் சார் இப்படியெல்லாம் பேசுவாங்க? எனக்கு மூஞ்சி கழுவப் போகத்தான் தோணுச்சு" என்றாள்.

பூட்டைத் திறந்தது யார் என்று மென்பொருளே காட்டிக்கொடுக்கிறது. "அதுக்குச் சதவீதம் மட்டுந்தான் சார் தெரியும்" என்றாள்.

அத்தான் மனம் திருந்திக் கண்ணீர்

(முடிக்கவில்லை. எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.)

7.

நடந்தது இவ்வளவுதான். தங்கை முகம் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். திரும்பிப்போன தகடுகளைப் புதிதாக வெட்ட வேண்டும். நேராக வைத்தாள், பூட்டினாள். மூலையில் எழுபத்தாறு.

அத்தானுக்குப் பொறுக்கவில்லை. "என்னம்மா, இவ்வளவு எடம் சும்மா கெடக்கு? ஏதாவது செருகேன்."

"செருக மாட்டேன் அத்தான்."

"ஏன்?"

"அது அப்படியே கெடக்கட்டும்." அனுப்பும் பொத்தானை அழுத்தினாள். "இன்னொண்ணு. இனிமே நான் இல்லாதப்ப இந்த நாற்காலியில நீங்க உக்காரக் கூடாது. உக்காந்தா நான் வேற பட்டறைக்குப் போயிடுவேன்."

"இது நல்லாயிருக்கே! நான் எப்ப உக்காந்தேன்?"

"அன்னைக்கு மத்தியானம் உக்காந்தீங்க" என்றாள் அக்கா. "அவ பூட்டினத நீங்கதான் திறந்துவிட்டீங்க. நான் பாத்தேன்."

மெஷின்காரர் கையிலிருந்த ஸ்பேனரை மெதுவாகக் கீழே வைத்தார். அத்தான் திரையின் மூலையைப் பார்த்தார். அங்கே எழுபத்தாறுதான் இருந்தது, ஆறுதல் இல்லை.

"சரி, ஆனது ஆச்சு. எல்லாருமா சேந்து பண்ணின தப்புதானே" என்றார். தன் ஒருவருடைய தவறை, துளி கழிவில்லாமல் அத்தனை பேருக்கும் பங்கு போட்டுக் கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனார். நூற்றுக்கு நூறு சதவீதம்.

உண்மை வென்றது, அத்தான் தோற்றார் என்று நானும் இங்கேதான் முற்றுப்புள்ளி வைத்தேன். வைத்த பிறகு பார்த்தால் தங்கையின் முகத்தில் ஜெயித்த களையே இல்லை. அத்தான் போன திசையை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இத்தனை பக்கமும் தப்பான ஆளைத் துரத்திக்கொண்டு ஓடியிருக்கிறேன்.

அவள் நாற்காலியை அக்கா பக்கம் திருப்பினாள்.

"அன்னைக்கு அத்தனை பேர் முன்னாடி நின்னேனே. அப்பவே ஏன்க்கா சொல்லல?"

8.

அக்காவுக்கு ஒரு பதில் எழுத வேண்டும்.

'பயந்துட்டேன்டி.' அடித்துவிட்டேன். அத்தனை பேர் முன்னால் இன்றைக்குச் சொன்னாளே, அன்றைக்கு மட்டும் என்ன பயம்?

'அவர் மானம் போயிடும்னுதான்.' அப்படியென்றால் தங்கையின் மானம்?

'உனக்குத்தான் இதெல்லாம் பழகிப்போச்சேன்னு...' இதை முடிக்கவில்லை. உண்மையாக இருந்துவிடுமோ என்று பேனாவை மூடி வைத்துவிட்டேன்.

தங்கையிடம் கேட்டேன். "அத மட்டும் எழுதாதீங்க சார்" என்றாள். அக்காவிடம் கேட்டேன். "நான் என்ன சொன்னேன்னு எனக்கே ஞாபகம் இல்ல" என்றாள். மறந்தது நிஜமா, பொய்யா? எது என்று கண்டுபிடிக்க எனக்குக் கூடப்பிறந்தவர் யாருமில்லை.

உங்களுக்கு இருக்கலாம். ஒரு வீட்டில், ஒரே தட்டில் சாப்பிட்டு வளர்ந்தவர்கள் இப்படிக் கேட்டால் என்ன பதில் சொல்வார்கள் என்று உங்களுக்குத்தான் தெரியும். நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். கீழே நிறைய இடம் விட்டிருக்கிறேன்.

மெஷின் சத்தம் நின்றிருக்கிறது. தங்கை கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அக்கா வாயைத் திறந்துவிட்டாள்.

சீக்கிரம்.