விரலுக்குக் குறியெண் இல்லை

1

இந்தக் கதை ஒரு படிவத்திலிருந்து திருடியது. ஆஸ்திரேலியாவில் ஒரு விபத்து ஆய்வு மையத்தில் பத்தொன்பது வருடமாக எனக்கு இதுதான் வேலை: மோதியவர்களையும் கவிழ்ந்தவர்களையும் பேட்டி கண்டு, காரணத்தைக் குறியெண்ணாக மாற்றுவது. தூக்கம் 14. கைபேசி 22. கங்காரு 31. பேட்டியில் கேட்டதை வெளியே சொல்ல மாட்டேன் என்று கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அதனால் பெயர்கள் எல்லாம் பொய். விரல் மட்டும் நிஜம்.

2

முதல் தொடக்கம்: ‘மேற்கு விக்டோரியாவின் கோதுமை வயல்கள் வெயிலில் பொன்னாக...’

வேண்டாம். கிளெம் அன்று கோதுமையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கிளெம் எழுபது வயது விவசாயி. ஆளில்லாத சாலையில் பிக்கப் வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார், இடது கையில் மாட்டிறைச்சி பப்ஸ். எதிரே ஒரு வெள்ளை வேன். எங்கள் சாலைகளில் எதிரே வருபவருக்கு வணக்கமாக ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்காதவன் மனுஷனே இல்லை. (ஆள்காட்டி விரல்தான். வேறு விரல் என்றால் வேறு கதை.) வேனில் விரல் எழுந்தது. கிளெம் அதைத் தன் மச்சினியின் வேன் என்று நினைத்துவிட்டார். மச்சினிக்கு ஒரு விரல் போதாது என்று முழுக் கையையும் தூக்கி ஆட்டினார். சக்கரம் ஓரத்துச் சரளையில் இறங்கியது. வண்டி இரண்டு முறை உருண்டது.

மருத்துவமனையில் கேட்டேன்.

“கை ரெண்டும் எங்க இருந்துச்சு?”

“ஒண்ணு பப்ஸ்ல, ஒண்ணு ஆகாசத்துல. எழுதிக்க தம்பி. சிரிப்புக் காட்டாத, விலா வலிக்குது.”

“காரணம்னு என்ன போடட்டும்?”

“மரியாதைன்னு போடேன்.”

அதற்குக் குறியெண் இல்லை. ‘99, இதர’ என்று போட்டேன்.

நான் கிளம்பும்போது என் சட்டையைப் பிடித்துக்கொண்டார். “அந்த வேன்காரப் பொண்ணு யாருப்பா? ஆம்புலன்ஸ் வந்ததும் போயிட்டா. எம் பேர யாருக்கும் சொல்லாதீங்கன்னு போலீசுகிட்ட சொல்லிட்டாளாம். ஒரு நன்றி சொல்ல வேணாமா நான்?”

3

நெரிடா தபால் வேன் ஓட்டுகிறாள். சாட்சி என்ற முறையில் அவளையும் பேட்டி கண்டேன்.

“இவ்வளவு பெருசா கை ஆட்டுறது யாருடான்னு கண்ணாடில பாத்தேன். ஒரே புழுதி. வண்டியத் திருப்பிட்டேன்.”

கிளெமின் தொடையில் ரத்தம் பீறிட்ட இடத்தை ஐம்பது நிமிடம் அழுத்திப் பிடித்தபடி இருந்திருக்கிறாள். அந்தக் கை ஆடியிருக்காவிட்டால் அவள் கண்ணாடியைப் பார்த்திருக்கவே மாட்டாள்.

“நான்தானே மொதல்ல விரலத் தூக்கினேன்? சும்மா இருந்திருந்தா அவரு பப்ஸத் தின்னுட்டு வீடு போயிருப்பாரு. இப்பல்லாம் யாருக்கும் தூக்கறதில்ல. அவருக்கு எம்மேல கோவமா?”

எனக்குப் பதில் தெரியும். “அதச் சொல்ல எனக்கு அனுமதி இல்லைங்க,” என்றேன். பத்தொன்பது வருடத்தில் நான் சொன்ன மிகக் கேவலமான வாக்கியம் அதுதான்.

4

என் மேலதிகாரி கெர்டாவிடம் கெஞ்சினேன். “ஒரே ஒரு வரி சொல்லிடறேனே.”

“இன்னிக்கு ஒரு வரி சொல்லுவ. நாளைக்கு எவன் நம்மள நம்பி உண்மையச் சொல்வான்? போய் வேலையப் பாரு.”

(ஒரு பிரதியில் கெர்டாவை வில்லியாக்கிப் பார்த்தேன். ஒட்டவில்லை. அவள் சொன்னது சரி.)

முடிவு அ: இருவரும் கடையில் தற்செயலாகச் சந்திக்கிறார்கள். எழுதினேன். படிக்க நன்றாக இருந்தது, பொய்யாகவும் இருந்தது.

முடிவு ஆ: நான் பெயர் போடாமல் ஒரு கடிதம்... வேண்டாம், அதுவும் வாக்கை மீறுவதுதான்.

5

ஆகவே தமிழில் எழுதுகிறேன். கிளெம், நெரிடா, கெர்டா மூவருக்கும் அதில் ஓர் எழுத்துகூடத் தெரியாது. வாக்கு தவறவில்லை. நன்றியும் போய்ச் சேரவில்லை.

இந்த இருவருக்கும் நானும் நன்றிக்கடன் பட்டிருக்கிறேன். ‘ஏன் நடந்தது’, ‘எப்படிப் பிழைத்தார்’ என்ற இரண்டு கேள்விக்கும் ஒரே கையைப் பதிலாக எழுதியது இந்த ஒரு கோப்பில்தான். மற்ற கோப்புகளை மூடிய பிறகு வீட்டில் பேசமாட்டேன். இதை மூடிய அன்று மனைவியிடம் காரணம் சொல்லாமல் சிரித்துக்கொண்டே சமைத்தேன்.

மேற்கு விக்டோரியாப் பக்கம் தமிழ் நர்சுகள் இருக்கிறீர்கள், டாக்டர்கள், லாரி ஓட்டுபவர்கள் இருக்கிறீர்கள். எதிரே வெள்ளைத் தபால் வேன் வந்தால், அவள் விரல் எழாது. நீங்கள் தூக்குங்கள். ஒரு விரல் போதும், பப்ஸைக் கீழே வைத்துவிட்டு. கிளெமுக்குக் கோபமில்லை என்பதை அவளுக்கு இதைவிட ஒழுங்காகச் சொல்ல எனக்கு வழி தெரியவில்லை.

அவள் பதிலுக்குத் தூக்கினாளா? படிவத்தில் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். பார்த்தவர்கள் நிரப்புங்கள்.