இளவரசனின் தலை விழுந்த குழி

கோட்டையின் தெற்கு மூலை அறையில் பதினெட்டு வருடமாக ஓர் இளவரசனின் தலை தினமும் இரண்டு தடவை விழுந்துகொண்டிருந்தது. செவ்வாய்க்கிழமை மட்டும் விடுமுறை. விழவைப்பவள் கைடம்மா. நானூறு படி ஏறி வந்து மூச்சு வாங்குகிற கூட்டத்தை அந்த அறைக்குள் நிறுத்தி, குரலைத் தாழ்த்தி, "இந்தக் குழியிலதாங்க தலை விழுந்துச்சு. இந்தக் கால்வாய் வழியாத்தான் ரத்தம் சுவத்தைத் தாண்டி வெளியே ஓடுச்சு" என்பாள். கல்நெஞ்சக்காரனும் கண்ணைத் துடைத்துக்கொள்வான்.

அன்றைக்கு மட்டும் அவள் புடவையை இரண்டு தடவை சரிசெய்துகொண்டாள். கூட்டத்தில் இருபத்திரண்டு பேர். இருபது பேர் கொட்டாவி விட்டாலும் அவளுக்குக் கவலையில்லை. மீதி இரண்டு பேர் அவளுடைய அண்ணனும் அண்ணியும். அப்பா போன பிறகு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுக் குழாய் வேலைக்குப் போனவன் அண்ணன். தங்கையைக் கல்லூரியில் சேர்த்தவனும் அவன்தான். அவள் சரித்திரம் எடுத்தபோது, "முடிஞ்சுபோன கதைக்கு எதுக்குடி மூணு வருஷம்?" என்று ஒரே ஒரு தடவை கேட்டான். பிறகு கேட்கவில்லை. அவள் வேலை பார்க்கும் இடத்தை எட்டிப் பார்க்கவும் இல்லை. இன்றைக்கு அண்ணி கிட்டத்தட்ட இழுத்துக்கொண்டு வந்திருந்தாள். இன்றைக்காவது அவன் வாயிலிருந்து 'பரவாயில்லையே' என்று ஒரு சொல் வந்துவிடாதா என்று அவளுக்கு அவ்வளவு ஆசை.

அந்த மகராசன் எங்கே கேட்டான்? வாசல் கதவை யானைகள் முட்டிய கதையை அவள் சொல்லும்போது அவன் கதவின் கீல்களை எண்ணிக்கொண்டிருந்தான். ராணியின் மாடத்தில் நின்று அவள் கைகளை விரித்துப் பேசும்போது கூரை விளிம்பையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான்.

"என்னங்க, உங்க தங்கச்சி எவ்வளவு அழகா பேசுறா, கொஞ்சம் கேளுங்க" என்று அண்ணி விலாவில் இடித்தாள்.

"கேட்டுட்டுத்தான் இருக்கேன்" என்றான், கூரையைப் பார்த்தபடியே.

சரி, தெற்கு மூலை அறைக்கு வந்தாயிற்று. இங்கே அவனைப் பிடித்துவிடலாம் என்று நினைத்தாள். இளவரசன் கடைசியாகப் பாடிய பாட்டு வரைக்கும் சொன்னாள். பழைய கைடு சொல்லிக்கொடுத்த கதையில் அந்தப் பாட்டு கிடையாது, அது இவள் கைச்சரக்கு. தொப்பி போட்ட ஒரு பெரியவர் மூக்கை உறிஞ்சினார். அண்ணிக்குக் கண் கலங்கிவிட்டது. அண்ணன் மட்டும் குந்தி உட்கார்ந்து கால்வாயில் விரலை ஓட்டிக்கொண்டிருந்தான்.

"வாட்டம் சரியில்லையே" என்றான்.

"என்ன சரியில்லை?"

"வாட்டம். ரத்தம் சுவத்துப் பக்கம் ஓடுச்சுன்னு சொன்னே. சுவத்துப் பக்கம்தான் மேடு. சரிவு குழியைப் பாத்து இருக்கு. மேட்டுல எப்படி ஏறும்?"

யாரோ சிரித்தார்கள். அவளுக்குக் காதெல்லாம் சுட்டது. பதினெட்டு வருடத்தில் ஒருத்தர்கூட இதைக் கேட்டதில்லை. கேட்பதற்குக் கூடப்பிறந்தவனா வர வேண்டும்! "அண்ணா, அப்புறம் பேசலாம்" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு.

"அப்புறம் என்ன, இதோ" என்று தண்ணீர் பாட்டிலைத் திறந்து கால்வாயின் நடுவில் ஊற்றிவிட்டான். தண்ணீர் ஒரு கணம் தயங்கியது. பிறகு சமர்த்தாகச் சுவருக்கு முதுகைக் காட்டிவிட்டுக் குழிக்கு ஓடியது.

அவளுக்குக் கோபம் வந்தது உண்மைதான். ஆனால் உள்ளுக்குள் இன்னொன்றும் அரித்தது. அந்த இளவரசனைப் பற்றி எந்தப் புத்தகத்திலும் ஒரு வரி கிடையாது. முதல் வருடத்திலேயே அவளுக்கு அது தெரியும். கூட்டம் அழுகிறதே, போதாதா என்று விட்டுவிட்டாள். இப்போது தண்ணீர் போன பக்கம் அவள் கண்ணும் போனது.

"அப்ப இந்தக் குழி எதுக்கு?" தான் கைடு என்பதையே மறந்து கேட்டுவிட்டாள்.

"மண்ணு தங்க. மாடி மழைத் தண்ணி தொட்டிக்குப் போறதுக்கு முன்னாடி நானும் இப்படி ஒண்ணு வைப்பேன். கசடு அடியில நின்னுடும், தெளிஞ்சது மேலால வழிஞ்சு போகும். சுவத்துல இருக்கே ஓட்டை, அது வெளியே போற வழி இல்ல. கூரைத் தண்ணி உள்ளே வர்ற வழி. இன்னும் தண்ணி இருந்தா காட்டிடலாம்."

சொல்ல வேண்டுமா! அத்தனை பேரும் பையைத் துழாவினார்கள். தொப்பிக்காரர் மாத்திரைக்கு வைத்திருந்த தண்ணீரைக்கூடக் கொடுத்துவிட்டார். குழி நிரம்பியது. விளிம்பில் இருந்த சின்ன வெட்டு வழியாகத் தண்ணீர் வழிந்து, மூலையில் ஒரு கல்லுக்கு அடியில் புகுந்தது. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். எங்கோ ஆழத்தில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

"கீழே தொட்டி இருக்கு" என்றான் அண்ணன். "பெருசு. சத்தம் வர எவ்வளவு நேரமாச்சு பாரு. இந்த மாதிரி இன்னும் நாலஞ்சு இருக்கும்."

"அப்ப தலை?" என்று கேட்டார் தொப்பிக்காரர். அவருக்கு மனசே ஆறவில்லை.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அண்ணனும் அப்போதுதான் தங்கையின் முகத்தைப் பார்த்தான். "நான் வாயை வெச்சுக்கிட்டுச் சும்மா இருந்திருக்கணும்" என்று முணுமுணுத்தான். "இப்பத் தெரியுதா?" என்றாள் அண்ணி.

"தலையெல்லாம் எதுவும் விழலைங்க" என்றாள் கைடம்மா. "இத்தனை வருஷமா தப்பாச் சொல்லியிருக்கேன். மன்னிச்சுக்குங்க." வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனால் வெட்கப்பட்டுக்கொண்டு நிற்க நேரமில்லை. வேறொன்று அவள் நினைவுக்கு வந்துவிட்டது. "எல்லாரும் வாங்க, மறுபடி வாசலுக்குப் போவோம்!" என்று வேகமாக நடந்தாள்.

வாசலை ஒட்டிய சுவரில் ஒரு கல்வெட்டு. தேய்ந்துபோன பழைய எழுத்து. கூட்டத்துக்குச் சலிப்பாக இருக்கும் என்று அதை எப்போதும் தாண்டிப் போய்விடுவாள். இன்றைக்கு விரலை வைத்து வரி வரியாகப் படித்தாள். எதிரிப் படை ஐந்து மாதம் கோட்டையைச் சூழ்ந்து நின்றது. வெளியே இருந்த கிணறுகள் எல்லாம் எதிரி கையில். ஆனாலும் கதவு திறக்கவில்லை, தாகத்தால் ஓர் உயிரும் போகவில்லை.

"கோட்டைக்குள்ள கிணறே கிடையாது. என்னத்தைக் குடிச்சு உயிரோட இருந்தாங்கன்னு பெரிய பெரிய ஆராய்ச்சிக்காரங்களுக்கே தெரியலை" என்றாள்.

அண்ணன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தான். "இவ்வளவும் இந்தக் கல்லுலயா இருக்கு? நீயா படிக்கிறே?"

"நானேதான். கடைசி வரி மட்டும் எனக்குப் புரிஞ்சதே இல்ல. 'மழையைக் கல்லுக்குள் இறக்கியவனுக்கும் அவன் பிள்ளைகளுக்கும் வீடும் நிலமும் தந்தோம்.' ராஜாவைத்தான் புகழ்றாங்கன்னு நினைச்சேன். ராஜா தனக்குத்தானே எதுக்கு நிலம் குடுத்துக்கணும்னு குழம்பிப் போவேன்." அவள் அண்ணன் பக்கம் திரும்பினாள். "ராஜா இல்லண்ணா. உன்னை மாதிரி ஒருத்தன். வாட்டம் பாத்தவன்."

அண்ணன் கல்லுக்கு இன்னும் கிட்டே போனான். தனக்கு ஓர் எழுத்தும் தெரியாத அந்த வரியின் மேல், ஒரு முனையிலிருந்து மறு முனை வரைக்கும் விரலை ஓட்டினான்.

"அவன் பேர் என்ன?"

"பேர் போடலை."

"போடலையா? அஞ்சு மாசம் அத்தனை பேருக்கும் தண்ணி குடுத்திருக்கான், பேர் போடலையா?" அவனுக்குக் கோபமே வந்துவிட்டது. "வேற எங்கேயாவது எழுதி வெச்சிருப்பாங்க. நீ தேடிக் கண்டுபிடி. அதுக்குத்தானே உன்னைப் படிக்க வெச்சேன்."