போயிட்டாரு

புற்றுநோய்ப் பதிவேட்டு அலுவலகத்தில் எனக்கு வேலை. எந்த வட்டாரத்தில் எத்தனை பேருக்கு நோய் வந்தது, அவர்களில் எத்தனை பேர் ஐந்து வருடம் தாண்டினார்கள் என்று பட்டியல் போட வேண்டும். ஆஸ்பெஸ்டாஸ் தூசியால் நுரையீரல் உறையில் வரும் புற்று மற்ற இடங்களில் அங்கொன்றும் இங்கொன்றும்தான். ஷீட் ஆலை இருந்த எங்கள் கிழக்கு வட்டாரத்தில் மட்டும் முப்பத்தெட்டு பேர். ஐந்து வருடம் தாண்டியவர்கள் கட்டத்தில் பூஜ்யம். அதைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

முப்பத்தெட்டாவது ஆள் என் அண்ணன். போன மாதம்தான் தெரிந்தது. சிகிச்சைக்கு வரமாட்டேன் என்று ஒரே அடம்.

“உன் கம்ப்யூட்டர்ல பாத்து, நம்ம பக்கம் பொழைச்சவன் ஒருத்தனைக் காட்டு. அப்புறம் வர்றேன்.”

பொய் சொல்ல எனக்கு வராது. எழுந்து வந்துவிட்டேன்.

பட்டியலில் ஒருவர் மட்டும் இழுபறியில் இருந்தார், ஆலையின் பழைய எலக்ட்ரீஷியன். நோய் கண்டு ஒன்பது வருடம். வீடு மாறியதால் தகவல் இல்லை.

“இறந்திருப்பாரும்மா. விசாரிச்சு, தேதியைப் போட்டு முடி” என்றார் மேலதிகாரி.

மூன்று நாள் தேடி எண்ணைப் பிடித்தேன். அவர் மனைவி எடுத்தார். யார் என்று சொல்லி, ஐயா எப்படி இருக்கிறார் என்று கேட்டேன். மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

“அவரா? போயிட்டாரும்மா.”

அண்ணன் முகம்தான் கண்முன்னே வந்தது. ஆனாலும் தேதி வேண்டுமே.

“எப்பம்மா?”

“காலையில ஆறரைக்கு.”

இன்றைக்கா! நேற்றே கூப்பிடாத என்னை நானே திட்டிக்கொண்டேன்.

“பக்கத்துல யாரு இருந்தாங்க?”

“நான்தான். போகாதீங்க போகாதீங்கன்னு கையைப் புடிச்சுக் கெஞ்சினேன். கேட்டாரா மனுஷன்?”

நானும் அழ ஆரம்பித்துவிட்டேன்.

“கடைசியா ஏதாவது சொன்னாராம்மா?”

“சொன்னாரே. மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்துடறேன்னாரு.”

எழுதிக்கொண்டிருந்த கை நின்றது.

“எங்கம்மா போயிருக்காரு?”

“கைப்பந்து மேட்சுக்கு, நடுவரா விசில் ஊத! வீட்டுல ரெண்டு பேருக்கும் ஜலதோஷம். ஆபரேஷன் பண்ண நெஞ்சு, சும்மா இருங்கன்னா காதுலயே போட்டுக்க மாட்டேங்குறாரு. நீயாவது எடுத்துச் சொல்லும்மா.”

நான் சிரித்த சிரிப்பில் மொத்த அலுவலகமும் திரும்பிப் பார்த்தது. பூஜ்யத்தை அழித்து ஒன்று போட்டேன். ஒருவர் பிழைத்தால் அண்ணனும் பிழைப்பான் என்று எந்தப் பட்டியலும் சொல்லாது, எனக்கா தெரியாது? இருந்தாலும் தலைகால் புரியவில்லை.

மத்தியானம் எலக்ட்ரீஷியனே கூப்பிட்டார். அண்ணனைப் பற்றிச் சொன்னேன்.

“அவர்கிட்ட நானே பேசுறேன். நம்பரைக் குடும்மா” என்றார்.

அண்ணனைக் கேட்காமலே கொடுத்தேன். சாயங்காலம் அவனிடமிருந்து போன்.

“யாரு அந்த ஆளு? அரை மணி நேரம் மூச்சு விடாம திட்டுறாரு!”

“நீ காட்டச் சொன்ன ஆளுதான்” என்றேன்.

“சரி, ஆஸ்பத்திரிக்கு எத்தனை மணிக்குக் கிளம்பணும்?”